தெருவில் வாசிக்க ஊருக்கு ஒரு சட்டம்: மரபுக் கருவிகள் மாட்டிக்கொள்வது எங்கே?

லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் தெருக் கலைஞர்கள் வாசிப்பதை 2025 ஏப்ரல் 17 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் நிறுத்திவைத்தது. சதுக்கத்தை ஒட்டி அலுவலகம் வைத்திருக்கும் குளோபல் என்ற வானொலி நிறுவனம் தொடுத்த வழக்கில் அதற்கு முந்தைய மாதம் வந்த தீர்ப்புதான் காரணம். சத்தம் தாங்காமல் ஊழியர்கள் அலமாரி அறைக்குள் போய் நின்று போன் பேச வேண்டியிருக்கிறது என்பது நிறுவனத்தின் புகார். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது மனச் சித்திரவதைக்குப் பயன்படும் உத்தி என்று நீதிபதி குறிப்பிட்டது பல நாட்டுப் பத்திரிகைகளில் தலைப்பாகவே வந்தது.

செய்தி கைமாறிக் கைமாறி "லண்டனில் தெரு இசைக்கே தடை" என்று ஆகிவிட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தடை அந்தச் சதுக்கத்துக்கு மட்டும். அதற்கு அடியில் ஓடும் பாதாள ரயில் நிலையங்களில் 2003 முதல் உரிமம் பெற்ற இசைக் கலைஞர்கள் வாசித்து வருகிறார்கள். அந்தத் திட்டம் வேறு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அதற்கு விதிகளும் வேறு. மேலே குற்றமாக இருப்பது ஒரு படிக்கட்டு இறங்கினால் அனுமதிக்கப்பட்ட தொழில்.

இந்தக் குழப்பம் லண்டனோடு முடிவதில்லை. ஸ்காட்லாந்தின் பேக்பைப், சீனத்து எர்ஹு, மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா, ஜப்பானின் ஷாமிசென் போன்ற மரபுக் கருவிகளோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. இன்று புழக்கத்தில் உள்ள விதிகளில் பெரும்பாலானவை கிட்டார், மைக், ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் பாடகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகு இல்லாத கருவிகளுக்கு அந்த விதிகள் சரியாகப் பொருந்துவதில்லை.

## சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

பஸ்கிங் என்பது பொது இடத்தில் கலை நிகழ்த்தி, போகிறவர் வருகிறவர் மனமுவந்து தரும் காசை வாங்கிக்கொள்வது. டிக்கெட் கிடையாது, கட்டாயம் கிடையாது. எந்த நகரத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டினாலும் சுற்றிச் சுற்றி இந்த நான்கு கேள்விகள்தான் வரும்.

1. இடம் யாருடையது? நடைபாதை மாநகராட்சியுடையது, ரயில் நிலையம் போக்குவரத்துக் கழகத்துடையது, பார்ப்பதற்குத் தெரு போலவே இருக்கும் வணிக வளாக முற்றம் தனியாருடையது. பத்தடி தள்ளி நின்றால் வேறு சட்டம் வந்துவிடும். பெரும்பாலான கலைஞர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

2. எவ்வளவு சத்தம்? இது டெசிபல் கணக்காக இருக்கலாம், ஆம்ப்ளிஃபையர் தடையாக இருக்கலாம், அல்லது "தொந்தரவு" என்ற ஒற்றைச் சொல்லாகவும் இருக்கலாம்.

3. காசு எந்தக் கணக்கில் வருகிறது? அன்பளிப்பா, விற்பனையா, பிச்சையா? வாசித்துவிட்டுத் துண்டை விரிப்பது ஒரு கணக்கு, அதே இடத்தில் சிடி விற்பது இன்னொரு கணக்கு. பல ஊர்களில் பின்னதற்கு வியாபார உரிமம் தனியாக வேண்டும்.

4. வழி அடைபடுகிறதா? கூட்டம் கூடுவதுதான் கலைஞரின் வெற்றி. போலீசுக்கு அதுதான் பிரச்சினை. ஜப்பானில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, சாலையைப் போக்குவரத்து அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தக் காவல் துறையின் அனுமதி வேண்டும் என்கிறது. இசையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் டோக்கியோ தெருவில் வாசிப்பவரை எழுப்பி அனுப்ப அது போதும்.

எந்தக் கருவி, எந்த மரபு, எத்தனை தலைமுறையாக வாசிக்கிறார்கள் என்ற கேள்வியே இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

## உரிமையா, சலுகையா?

நியூயார்க்கில் இது உரிமை. 1936-இல் மேயர் லாகார்டியா தெரு இசையைத் தடை செய்தார். 1970-இல்தான் அந்தத் தடை நீங்கியது. சுரங்க ரயிலில் வாசித்ததற்காகப் பிடிபட்ட ஒரு கிட்டார்க்காரரின் வழக்கில், அங்கிருந்த தடை அமெரிக்க அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைப் பிரிவுக்கு முரணானது என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. இன்று சுரங்க நிலையங்களில் வாசிக்கவும் காசு வாங்கவும் யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. அதே 1985-இல் போக்குவரத்துக் கழகம் வாசித்துக் காட்டும் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. அதில் தேறினால் நல்ல இடமும் பெயர்ப்பதாகையும் கிடைக்கும். தேறாதவரும் வாசிக்கலாம். சிலர் பதாகை இல்லாதவர்களைச் சட்டவிரோதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போலீஸ்காரர்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதுதான் கலைஞர்களின் பழைய புலம்பல்.

பாரிஸில் இது தேர்வு. மெட்ரோ நிர்வாகம் 1997 முதல் ஆண்டுக்கு இரு முறை நடுவர் குழு முன் வாசிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் சுமார் 300 பேருக்கு அடையாள அட்டை தருகிறது. அட்டை வைத்திருப்பவர் நடைபாதைச் சுரங்கங்களில் வாசிக்கலாம். ரயில் பெட்டிக்குள் கூடாது. டோக்கியோ பெருநகர அரசு 2002-இல் தொடங்கிய 'ஹெவன் ஆர்ட்டிஸ்ட்' உரிமமும் இதே வகைதான்: தேர்வில் தேறியவருக்குப் பூங்கா, நிலையம் என்று இடங்கள் ஒதுக்கப்படும். சிங்கப்பூரிலும் தேசியக் கலை மன்றத்தின் தேர்வைத் தாண்டித்தான் தெருவுக்கு வர முடியும். ம்யூனிக்கில் நகர மன்றக் கட்டடத்தில் வாசித்துக் காட்டி அன்றன்றைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

தேர்வு முறை மரபுக் கருவிக்காரர்களுக்குச் சாதகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பாதி உண்மை. அபூர்வமான கருவி என்றால் நடுவர்களுக்குப் பிடித்துப்போகும், நகரத்தின் பன்முகத்தைக் காட்ட ஒரு படமும் கிடைக்கும். ஆனால் விண்ணப்பம் அந்த நாட்டு மொழியில் இருக்கும், சட்டபூர்வமாகத் தங்கும் ஆவணம் கேட்கும், தேர்வு நடக்கும் நாளில் ஊரில் இருக்க வேண்டும். நாடோடியாக வாசிக்கிறவருக்கு மூன்றுமே கஷ்டம்.

எடின்பரோவில் இது போலீஸ்காரரின் பொறுப்பு. ஸ்காட்லாந்தின் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, இசைக்கருவி வாசிப்பது பிறருக்கு நியாயமான எரிச்சல் தந்தால் சீருடைக் காவலர் நிறுத்தச் சொல்லலாம். சொன்ன பிறகும் வாசித்தால்தான் குற்றம். ராயல் மைல் தெருவில் கில்ட் பாவாடையோடு நிற்கும் பேக்பைப்காரர் இந்தப் பிரிவின் நிழலில்தான் வாசிக்கிறார். எழுதப்பட்ட டெசிபல் வரம்பை விட இது நெகிழ்வானது. அன்றைக்குப் பணியில் இருப்பவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## டெசிபல் கணக்கு

எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் இது. டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படுகிறது. ஆகவே 95 என்பது 85-ஐவிட "கொஞ்சம் கூட" இல்லை.

இரண்டாவது விதி தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும்.

ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப் பக்கத்தில் நின்று கேட்டால் 100 டெசிபலைத் தொடும், தாண்டவும் செய்யும். ஒரு மீட்டரில் 100 என்றே வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82, 16 மீட்டரில் 76, 32 மீட்டரில் 70. இந்தியாவில் வணிகப் பகுதிக்குப் பகல் நேர வரம்பு 65 டெசிபல். அதற்குள் அடங்க ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஒற்றை ஆள், மின்சாரம் எதுவும் இல்லை, அதற்கே இந்தக் கணக்கு.

நியூயார்க் சுரங்க ரயிலின் விதி 5 அடி தூரத்தில் 85 டெசிபல். டிக்கெட் கூண்டிலிருந்து 2 அடியில் என்றால் 70. மேலே சொன்ன பேக்பைப் 5 அடியில் 96 காட்டும். பிளாட்ஃபாரத்தில் ஆம்ப்ளிஃபையர் கூடாது என்ற விதியை அவர் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடிக்கிறார். சத்த விதியில் முதல் ஸ்வரத்திலேயே தோற்றுப்போகிறார்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்கும் தெரியாதது. சத்தம் அளக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் 'ஏ' என்ற எடையிடலைப் பயன்படுத்துகின்றன. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கும் என்பதால், மீட்டரும் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டும். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழல், பெரிய தோல் கருவிகள் எல்லாம் இதனால் காகிதத்தில் தப்பித்துவிடும். ஆனால் தாழ்ந்த ஒலிதான் கண்ணாடியையும் சுவரையும் ஊடுருவி உள்ளே வரும். கடைக்குள் இருப்பவர் "நெஞ்சுக்குள் இடிக்கிறது" என்று புகார் செய்வார். அதிகாரி மீட்டரைக் காட்டி "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்பார். இருவரும் சொல்வது உண்மைதான்.

## கருவியின் உடம்பு

பேக்பைப் வாசிப்பவரிடம் "கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தோல்பைக்குள் அடைபட்ட காற்று ஒரே அழுத்தத்தில் சீவாளியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சுருதி சரியும், அப்புறம் ஒலியே நின்றுவிடும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் மௌனம் கூடக் கிடையாது. அதன் ஊதுகுழலுக்கு இரட்டை நாணல் சீவாளி, கூம்பாக விரியும் துளை. நாதஸ்வரத்துக்கும் இதே அமைப்புதான் என்பதால் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு தெரு தள்ளிக் கல்யாணம் நடந்தாலும் வீட்டில் இருந்தே தெரிந்துவிடும். பறைக்கும் தவிலுக்கும் இதே கதைதான்.

1746-இல் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரான யாக்கோபியக் கலகத்தில் பிடிபட்ட ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப்காரர், தான் ஆயுதமே ஏந்தவில்லை என்று யார்க் நகர நீதிமன்றத்தில் வாதிட்டார். ஹைலேண்ட் படைகள் பைப் இல்லாமல் அணிவகுத்ததே இல்லை, எனவே அதுவும் போர்க்கருவிதான் என்று சொல்லி அவரைத் தூக்கிலிட்டார்கள். போர்க்களத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய கருவி கடைத்தெருவுக்கு வந்து நிற்கிறது என்பதுதான் இன்றைய தகராறு. கனடாவின் வான்கூவர் நகரம் தெருக் கலைஞர் அனுமதி விதியில் பேக்பைப்பையும் தாளக் கருவிகளையும் பெயர் சொல்லியே விலக்கியிருந்தது. 2012-இல் விஷயம் வெளியே வந்து பைப்காரர்கள் கொதித்தபோது, மேயர் கிரெகர் ராபர்ட்சன் அந்தத் தடையை எடுக்கப்போவதாக அறிவித்தார்.

அயர்லாந்தின் இல்லன் பைப் இதற்கு நேரெதிர். வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியால் காற்றடைத்து, உட்கார்ந்து வாசிப்பது. வீட்டுக்குள் வளர்ந்த கருவி, ஒலியும் மென்மையானது. டப்ளினின் கிராஃப்டன் தெருவில் பக்கத்தில் ஒருவர் ஆம்ப்ளிஃபையர் போட்டுவிட்டால் இவர் காணாமல் போய்விடுவார். டப்ளின் நகர மன்றம் 2015-இல் துணைவிதி கொண்டுவந்து எல்லாத் தெருக் கலைஞரும் அனுமதி பெற வேண்டும், ஆம்ப்ளிஃபையருக்குத் தனி அனுமதி வேண்டும் என்றது. மறு ஆண்டு டெம்பிள் பார் சதுக்கத்தில் ஆம்ப்ளிஃபையரையே விலக்கியது. கிட்டார் பாடகர்கள் இதை எதிர்த்தார்கள். பைப், ஃபிடில், போட்ரான் என்ற கைப்பறை வாசிப்பவர்களுக்கோ அது மூச்சுவிட இடம் தந்த விதி. ஒரே தடை ஒருவருக்கு இழப்பு, பக்கத்தில் இருப்பவருக்கு வாழ்வு.

ஆனால் எல்லா மென்மையான கருவிக்கும் ஆம்ப்ளிஃபையர் தடை நல்லதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கோராவுக்கு 21 தந்திகள், சுரைக்குடுக்கை உடல், விரலால் மீட்டுவது. பரம்பரைப் பாடகர்களான ஜாலிகள் முற்றத்தில் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு வாசித்தது. பேருந்து ஓடும் சாலையில் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது பத்தடியைத் தாண்டாது. அதனால் கோராக்காரர்கள் சுரங்கப் பாதையைத் தேடிப் போகிறார்கள்.

சீனத்து எர்ஹுவுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். இரண்டே தந்தி, வில் அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியபடி ஓடும், கைக்கடக்கமான மரப்பெட்டியின் வாயில் மலைப்பாம்புத் தோல். ஒலி பெண் குரலின் உயரத்தில் வரும். பீங்கான் ஓடு பதித்த நியூயார்க் சுரங்க நிலையச் சுவர்கள் அந்த ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பி, மின்சாரம் இல்லாமலே பெரிதாக்கிவிடும். மன்ஹாட்டன் நிலையங்களில் எர்ஹு வாசிக்கும் வயதான சீனர்களை இத்தனை பேராகப் பார்ப்பதற்கு விதி, சுவர், கருவி மூன்றும் ஒத்துப்போனதும் ஒரு காரணம்.

இங்கே ஒரு குறுக்குச் செய்தி. ஐரோப்பியத் தெருக்களில் இன்று எங்கும் கேட்கும், மடியில் வைத்துக் கையால் தட்டும் எஃகுச் சட்டியைப் பலர் ஏதோ பழங்குடிக் கருவி என்று நினைக்கிறார்கள். அதன் மூலமான 'ஹாங்' 2000-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தது. ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷாரர் இருவரும் அதைச் செய்யத் தூண்டியவர் கடம் வாசிக்கும் ஒரு சுவிஸ் கலைஞர்.

## தெருவே செதுக்கிய கருவி

வடக்கு ஜப்பானின் சுகரு ஷாமிசென் இன்று பெரிய அரங்குகளில் ஒலிக்கிறது. அதை உருவாக்கியவர்கள் பார்வையற்ற நாடோடிகள். வீட்டு வாசலில் நின்று வாசித்து அரிசியோ காசோ வாங்கிப் போனவர்கள். பனி பெய்யும் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்றால் தந்தியை மீட்டினால் போதாது, அடிக்க வேண்டும். தடித்த கழுத்து, இறுக்கிக் கட்டிய தோல், தந்தியோடு சேர்த்துத் தோலையும் தாக்கும் மட்டை என்று அந்த வாசிப்பு முறையே வாசல்படியில் உருவானது. தகாஹாஷி சிகுசான் (1910–1998) சிறுவயதில் தட்டம்மையால் கண்பார்வை குறைந்து, இப்படி வாசல் வாசலாகப் போய்ப் பிழைத்தவர். பிற்காலத்தில் டோக்கியோவின் ஷிபுயாவில் இளைஞர்கள் முண்டியடித்து அவர் கச்சேரியைக் கேட்டார்கள்.

அதே இசையை இன்று டோக்கியோ நடைபாதையில் வாசிக்க வேண்டுமென்றால் தேர்வில் தேறி அட்டை வாங்க வேண்டும். தெரு என்பது அந்த இசைக்குப் பிறந்த வீடு என்ற வரலாறு எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.

## கேட்பவர் இருவர்

தெரு இசைச் சண்டைகளில் இரு தரப்பும் நேர்மையாகவே பேசுகின்றன, ஆனாலும் பேச்சு ஒட்டுவதில்லை. கேட்பவர்கள் ஒருவர் அல்ல என்பதே காரணம். நடந்து போகிறவர் அரை நிமிடம் கேட்கிறார். மாடியில் வேலை பார்ப்பவர் எட்டு மணி நேரம் கேட்கிறார். கலைஞர் முதல் ஆளுக்காக வாசிக்கிறார். புகார் இரண்டாம் ஆளிடமிருந்து வருகிறது.

இது லெஸ்டர் சதுக்கத்தில் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் லண்டன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாமல், தெருவில் கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் பெட்டியை வாசித்த இத்தாலியர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் 165 முறை குறுக்கீடு என்று எண்ணியும் வைத்தார். அவர் ஓய்வில்லாமல் கிளர்ந்ததன் பலனாக 1864-இல் சட்டம் வந்தது: வீட்டுக்காரர் நியாயமான காரணம் சொன்னால் தெரு இசைக்காரர் நகர வேண்டும். கோபமான இசைக்காரர்கள் அவர் வாசலிலேயே கூட்டம் சேர்த்து வாசித்தது தனிக்கதை.

2025 தீர்ப்பைக் கவனமாகப் படித்தால், முதன்மைக் குறை சத்தத்தின் அளவுதான் என்கிறார் நீதிபதி. திரும்பத் திரும்ப வருவதும் சில நிகழ்ச்சிகளின் தரக்குறைவும் அதை மோசமாக்கின என்பது அடுத்த வாதம். இந்த இரண்டாவது பகுதி மரபுக் கலைஞர்களும் யோசிக்க வேண்டியது. போகிறவரை நிறுத்தத் தெரிந்த மெட்டு நாலோ ஐந்தோதான் இருக்கும். பைப்காரரிடம் சுற்றுலாப் பயணி கேட்பது அதே இரண்டு பாட்டு. எர்ஹுக்காரர் சீன மெட்டை விட்டுவிட்டு ஹாலிவுட் படப்பாட்டு வாசித்தால் காசு கூட விழும். ஆகவே அபூர்வக் கருவியிலும் மாடிக்காரர் கேட்பது தேய்ந்த தட்டுதான்.

என் பார்வையில் டெசிபலை விட நேர வரம்புதான் வேலை செய்யும் விதி. ஓர் இடத்தில் ஒரு மணி நேரம், பிறகு அடுத்தவர், நடுவில் இடைவெளி. மெதுவாக வாசிக்க முடியாத கருவிக்கும் இது பொருந்தும். மீட்டர் காட்டாத தாழ்ந்த ஒலிக்கும் பொருந்தும். லண்டன் பாதாள ரயிலில் தரையில் அரைவட்டம் வரைந்து, முன்பதிவு செய்தவர் மட்டும் அவரவர் நேரத்தில் வாசிக்கும் முறை நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

## ஆண்டீஸ் மலையிலிருந்து உலகத் தெருக்களுக்கு

சந்தை என்ன செய்யும் என்பதற்கு எக்வடோரின் ஒட்டவாலோ மக்களைப் பார்க்கலாம். நெசவும் வியாபாரமும் தெரிந்த கிச்சுவா மொழிக்காரர்கள். 1980-களிலிருந்து போன்ச்சோ என்ற மேற்போர்வையைப் போர்த்தி, கேனா என்ற புல்லாங்குழல், சம்போன்யா என்ற குழல் வரிசை, சராங்கோ என்ற சிறு தந்திக் கருவி எடுத்துக்கொண்டு ஐரோப்பா, வட அமெரிக்கா எங்கும் நகரச் சதுக்கங்களில் வாசித்தார்கள். சம்போன்யாவில் ஒரு தனித்தன்மை: ஸ்வரங்களை இரண்டு குழல் வரிசைகளாகப் பிரித்து, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஊதி ஒரு மெட்டை முடிப்பது மரபு. தனியாக வாசிக்க முடியாத இசை, ஒரு சமூகத்தின் இசை.

தெருவில் ஆள் குறைந்தது, செலவு கூடியது. இருவர் வாசித்ததை ஒருவரே இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடித்து வாசித்தார். மற்ற கருவிகளின் இடத்தில் பதிவுசெய்த பின்னணி இசை வந்தது, அதற்கு ஆம்ப்ளிஃபையர் வந்தது, ஆம்ப்ளிஃபையரோடு விதிகளும் வந்தன. சிடி விற்றால் வியாபாரம் என்றார்கள். கடைசியில் சில குழுக்கள் போன்ச்சோவைக் கழற்றிவிட்டு, ஹாலிவுட் படத்துச் செவ்விந்தியர் போல இறகுக் கிரீடம் வைத்துக்கொண்டு கிழக்கு ஐரோப்பிய நகரங்களில் நின்றன. அந்தக் கிரீடம் வட அமெரிக்கச் சமவெளி மக்களுடையது. ஆண்டீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிழைப்பு என்பதால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் "மரபுக் கருவியைத் தெரு காப்பாற்றும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

## எல்லை தாண்டும்போது

கருவியை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய் வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று விசா. சுற்றுலா விசாவில் வந்தவர் தெருவில் காசு வாங்கி வாசிப்பது பல நாடுகளில் அனுமதியில்லாத வேலை. "கேட்கவில்லை, அவர்களாகவே போட்டார்கள்" என்பது குடிவரவு அதிகாரியிடம் எடுபடாது.

இரண்டாவது கருவியின் தோலும் மரமும். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் மலைப்பாம்பு இருக்கிறது. எர்ஹுவின் தோல் அதனால் காகிதம் கேட்கும் பொருள். தந்தம் பதித்த பழைய கருவிகளுக்கு இன்னும் கடுமை. ரோஸ்வுட் மர வகைகள் முழுவதும் 2017 ஜனவரியில் அதே பட்டியலுக்குள் வந்தபோது இசை உலகமே பதறியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. ஆண்டீஸின் சராங்கோவை அர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டில் செய்வது பழைய வழக்கம். இன்று பெரும்பாலும் மரத்தில் செய்கிறார்கள். பயணத்துக்கு வாங்குவதானால் மரத்தில் செய்ததையே வாங்குங்கள்.

## இந்தியாவில்

ஜெய்சால்மர் கோட்டை வாசலில் ராவணஹத்தா என்ற வில் வாத்தியம், வங்கத்தின் பீர்பூம் பக்கத்து ரயில்களில் ஒற்றைத் தந்தி ஏக்தாராவோடு பாவுல் பாடகர், நம் தெருக்களில் உறுமியோடு பூம்பூம் மாட்டுக்காரர். தெரு வாசிப்பு நமக்கு இறக்குமதிச் சரக்கில்லை. ஆனால் சட்டத்தில் இவர்களுக்கான பெட்டி ஒன்றுதான்: பிச்சை.

1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம் பிச்சை என்பதை வரையறுக்கும்போது, பாட்டு, நடனம், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல் போன்ற "பாவனைகளின்" பேரில் பொது இடத்தில் காசு வாங்குவதையும் சேர்த்தே சொல்கிறது. கலை என்பது அங்கே ஒரு சாக்கு. டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ரத்து செய்தது. தீர்ப்பின் வீச்சு டெல்லிக்குத்தான். தமிழ்நாட்டுக்கென்று 1945-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

ரயிலில் என்றால் 1989 ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு. அனுமதியில்லா விற்பனைக்கும் பிச்சைக்கும் ஒரே தண்டனையாக இருந்தது: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் வந்த திருத்தம் பிச்சைக்கான தண்டனையை நீக்கியது, தடையை மட்டும் விட்டுவைத்தது. பாவுல் பாடகரைப் போஸ்டரில் போட்டு ஊரை விளம்பரப்படுத்துவதும், அவரையே பெட்டியில் இருந்து இறக்கிவிடச் சட்டம் வைத்திருப்பதும் ஒரே நாட்டில் நடக்கிறது.

சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகல் 55, இரவு 45 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது. ஊர்த் திருவிழாவுக்கு மாநில அரசு சில நாள் விலக்கு தரலாம். தனியாக வாசிக்கிறவருக்கு அந்த வழி இல்லை.

காசு வாங்கும் விதம் மட்டும் மாறிவிட்டது. 2021 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பகிர்ந்த காணொளியில், ஆந்திரத்துப் பூம்பூம் மாடான கங்கிரெத்துவின் நெற்றியில் கியூஆர் அட்டை தொங்கியது. டிஜிட்டல் பணம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எல்லாரும் வியந்தார்கள். மாட்டுக்காரர் அப்போது வாசித்துக்கொண்டிருந்தார். தட்டை நீட்டினாலும் கியூஆரைக் காட்டினாலும் 1959 சட்டத்தின் வரையறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாற்றுப் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் மக்களுக்குச் "சேவை" அளிப்பவரையும் வியாபாரி என்கிறது. கணக்கெடுப்பு, சான்றிதழ், இட ஒதுக்கீடு, 40 சதவீதம் வியாபாரிப் பிரதிநிதிகள் கொண்ட நகர விற்பனைக் குழு எல்லாம் அதில் உண்டு. கலைஞர் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. ஆனால் தலைமுடி வெட்டுபவரும் செருப்புத் தைப்பவரும் சேவை அளிப்பவர் என்றால், உறுமி வாசிப்பவரையும் அதில் சேர்க்க வாதிட இடமிருக்கிறது. அதற்கு முதலில் கணக்கெடுக்க வரும் மாநகராட்சி ஊழியரின் படிவத்தில் "தொழில்" என்ற கட்டத்துக்கு நேரே எழுத ஒரு பதில் வேண்டும். இப்போதைக்கு மாட்டுக்காரரின் தொழிலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை, பிச்சைத் தடுப்புச் சட்டத்தில்தான் இருக்கிறது.